செடி அழுத்தும் பெட்டி: பலகை நல்லது, பட அட்டைகள் நம் ஊருக்கு இல்லை

ஒன்பது வயது மகளுக்காக 850 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கினேன். இரண்டு ப்ளைவுட் பலகை, நான்கு திருகாணி, உறிஞ்சுதாள், ஒரு கைலென்ஸ், முப்பது பட அட்டை. ஆறு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

பலகை உறுதியானது. திருகாணியைக் குழந்தையே கையால் முடுக்கிவிடலாம். ஆனால் ஏ4 தாள் அளவுதான். ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைச் சேமித்து வைக்கும் காப்பகத்தில், செடியை ஒட்டும் தாள் சுமார் 42க்கு 28 செ.மீ. இருக்கும். நாயுருவியை வேரோடு வைக்க இரண்டு இடத்தில் மடக்க வேண்டியிருந்தது.

‘இரண்டு வாரம் திறக்காமல் வையுங்கள்’ என்கிறது குறிப்பு. நம் ஐப்பசி மழைக்கு இது சரிவராது. முதலில் வைத்த பன்னிரண்டு செடியும் பூசணம் பிடித்து, தும்பைப் பூ கறுத்துப்போனது. மகள் அழுதேவிட்டாள். அப்புறம் பழைய செய்தித்தாளை வைத்து, முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றினோம். துத்தி இலை பல் விளிம்பு கெடாமல் அழகாகக் காய்ந்து வந்தது.

பட அட்டைகளில்தான் எனக்கு வருத்தம். மேப்பிள், ஓக், டெய்சி! பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வாய்க்கால் கரையில் இருக்கிற செடி ஒன்றுகூட அதில் இல்லை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு என் அம்மாவை அழைத்துக்கொண்டோம். இலையைக் கசக்கி முகர்ந்தே பெயர் சொல்வார். ‘தாத்தா தாத்தா தலையைக் கொடு’ என்று சுண்டி விளையாடுவோமே, அந்தத் தலைவெட்டிப் பூண்டின் தாவரவியல் பெயர் ட்ரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் மகள் ஓடினாள்.

“அம்மாயி, இது நம்ம ஊர்ச் செடி இல்லையாம்!”

“நான் பொறந்ததுல இருந்து இந்த வரப்புலதான் இருக்குது, கண்ணு.”

அன்றிலிருந்து ‘நம்மது’, ‘வந்தது’ என்று இரண்டு கோப்பு வைத்திருக்கிறாள். ஆவாரை, தும்பை, துத்தி முதல் கோப்பில். பார்த்தீனியம், உண்ணிச்செடி இரண்டாவதில். பார்த்தீனியத்தை மட்டும் நானே கையுறை போட்டுப் பறித்தேன், தோலில் அரிப்பு வரும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அதைத் தொடவே விடவில்லை.

பெட்டியில் வந்த ஒட்டுத்தாளில் பெயர் எழுத மட்டும்தான் இடம். அது போதாது. பறித்த தேதி, இடம், செடியின் உயரம், பூவின் நிறம் எல்லாம் வேண்டும். காய்ந்தபின் நிறம் மங்கிவிடும். கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் நூறாண்டு தாண்டிய மாதிரிகள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுவது, எங்கே எப்போது பறித்தது என்று அன்றே எழுதிவைத்ததால்தான். நாங்கள் நோட்டுத்தாளை வெட்டி ஒட்டிக்கொள்கிறோம்.

கைலென்ஸ் அருமை, துத்தி இலையின் ரோமம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் மறுபடி இந்தப் பெட்டியை வாங்கமாட்டேன். பக்கத்துத் தச்சரிடம் 45க்கு 30 செ.மீ. அளவில் இரண்டு பலகை அறுத்து வாங்கி, லென்ஸைத் தனியாக வாங்கிக்கொள்வேன்.