டாப்பியுடன் எட்டு ஆண்டுகள்

செல்லின் உட்கருவை நீலமாக ஒளிரவைக்கும் டாப்பி சாயத்தை எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். 1971-ல் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணிக்கு மருந்து தேடியபோது உருவான சேர்மம். பெயர் வாங்கியதோ சாயமாக. டி.என்.ஏ.வில் ஏ-டி (அடினின்-தைமின்) இணைகள் மிகுந்த குறுகிய பள்ளத்தில் ஒட்டிக்கொண்டதும் ஒளிர்வு சுமார் 20 மடங்கு கூடிவிடும். கழுவுவதில் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் பின்னணி நீலம் பாரிப்பதில்லை. என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு இது பெரிய சலுகை.

தூளை மட்டும் நேராக பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசலில்) போடாதீர்கள். சரியாகக் கரையாது, முதல் வாரத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் கரைத்து, சிறு குழாய்களில் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி உறைநிலையில் வைத்தால் நெடுநாள் வரும். சாயம் ஏற்ற 300 நானோமோலார் செறிவு, ஐந்து நிமிடம் எனக்குப் போதும்.

என்னை அலைக்கழித்தது பச்சை நிறம். நான் தேடிய புரதம் உட்கருவுக்குள் போகிறதா என்பதே கேள்வி. அந்தப் புரதத்தைத் தேடி ஒட்டும், பச்சைச் சாயம் பூசிய ஆன்டிபாடி போட்டுப் பார்த்தால் உட்கரு பச்சையாக ஜொலித்தது. இரண்டு மாதம் அதை நம்பித் திரிந்தேன். ஒரு நாள் ஆன்டிபாடியே போடாத ஸ்லைடிலும் அதே பச்சை! நல்ல இடம் தேடுகிறேன் என்று புற ஊதா விளக்கை நிமிடக்கணக்கில் எரியவிட்டதுதான் காரணம். அந்த ஒளி பட்டுப்பட்டு டாப்பியே பச்சையில் ஒளிரும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. இப்போது சிவப்பையும் பச்சையையும் முதலில் படமெடுத்துவிட்டு, நீலத்தைக் கடைசியில்தான் தொடுகிறேன்.

சுண்டெலிச் செல்லில் உட்கருவுக்குள் பளிச்சென்று பல பொட்டுகள் தெரியும். மனிதச் செல்லில் அப்படித் தெரியாது. பெயர்ச்சீட்டு மாறிப்போன குடுவை ஒன்றை ஒருமுறை இந்தப் பொட்டுகளே காட்டிக்கொடுத்தன.

உயிருள்ள செல்லுக்குள் டாப்பி எளிதில் நுழையாது. அதற்கு, உள்ளே நுழையக்கூடிய இன்னொரு நீலச் சாயமான ஹெக்ஸ்ட் 33342 வைத்திருக்கிறேன். ஆனால் மணிக்கணக்கில் படமெடுத்தால் புற ஊதா ஒளியே செல்லைக் கொன்றுவிடும்.

உட்கருவுக்கு வெளியே பொடிப்பொடியாக நீலம் சிதறிக் கிடந்தால் சாயத்தைத் திட்டாதீர்கள். முதலில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவின் தொற்றைச் சந்தேகியுங்கள்; ஒளிர்வது அதன் டி.என்.ஏ.வாக இருக்கலாம். அப்படிச் சிக்கிய மூன்று குடுவைகளில் பிளீச் ஊற்றி நானே கொட்டியிருக்கிறேன்.