தீர்ப்பு ஒன்று, நீதி இரண்டு

இனவெறியையும் நீதியையும் வாசிப்பு வட்டத்தில் பேச ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவல் நல்லதா, எர்னஸ்ட் கெய்ன்ஸின் 'எ லெஸன் பிஃபோர் டையிங்' (1993) நாவல் நல்லதா? இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் கறுப்பினத்தவர். ஜூரியில் வெள்ளையர் மட்டும்.

லீயின் களம் 1930களின் அமெரிக்கத் தென்மாநிலம் அலபாமா. வெள்ளையினப் பெண் மயெல்லாவைப் பாலியல் வன்முறை செய்ததாக டாம் மீது வழக்கு. 17 முதல் 21 வரையான அத்தியாயங்களைப் பென்சிலோடு படியுங்கள். மயெல்லாவின் காயம் முகத்தின் வலப்பக்கம்; எதிரே நின்று அடித்தவர் இடக்கைக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம். டாமின் இடக்கையோ சிறுவயதிலேயே பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. அவளுடைய தந்தையை நீதிமன்றத்தில் பெயர் எழுதச் சொல்கிறார் வழக்கறிஞர் அட்டிகஸ். தந்தை எழுதுவது இடக்கையால். மருத்துவரை யாரும் அழைக்கவும் இல்லை. அப்படியும் டாம் குற்றவாளி. பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: அட்டிகஸின் நேர்மையையே நீதி என்று எடுத்துக்கொண்டு டாமை மறந்துவிடுகிறார்கள். கதை சொல்வது அட்டிகஸின் மகள் என்பதால் டாமின் மனம் நமக்கு எட்டுவதேயில்லை.

கெய்ன்ஸ், 1940களின் லூசியானாவில், விசாரணையை முதல் அத்தியாயத்திலேயே முடித்துவிடுகிறார். கொலை வழக்கில் சிக்கிய இளைஞன் ஜெஃபர்சனைக் காப்பாற்ற வந்த வழக்கறிஞரே அவனைப் பன்றியோடு ஒப்பிடுகிறார். மரண தண்டனை மாறாது என்று தெரிந்தபின் மிச்சமிருக்கும் நீதி எது? பள்ளி ஆசிரியர் கிராண்ட் தரும் நோட்டில் அவன் எழுதியது 29ஆம் அத்தியாயம். எழுத்துப்பிழைகளைத் திருத்தாமல் சத்தமாக வாசியுங்கள். அந்தக் குரல் அவனுடையது மட்டுமே.

ஒன்றுதான் முடியும் என்றால் கெய்ன்ஸ். இரண்டுக்கும் நேரமிருந்தால் லீயை முதலில் வையுங்கள்.