சாணை பிடித்து வந்த சங்கிலியை அப்படியே மாட்டிவிடாதீர்கள்

பத்து நிமிட வேலை என்றார் சாணை பிடிப்பவர். சொன்னபடி பத்தே நிமிடத்தில் கொடுத்தும் விட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மரம் அறுக்கும் செயின்சாவின் சங்கிலி மழுங்கியிருந்தது. வழக்கமாக நானே அரம் போடுவேன். அன்று வேலை குவிந்து கிடந்ததால், மோட்டார் சாணை வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்தேன். சங்கிலி பளபளவென்று திரும்பி வந்தது. முதல் இரண்டு வெட்டும் வாழைத்தண்டில் கத்தி இறங்குவது போல இறங்கின. அதற்கப்புறம் சீவல் நின்று, மாவு போலத் தூள் கொட்டியது. வெட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. போதாக்குறைக்கு, கட்டையைத் தொடும்போதெல்லாம் சங்கிலி வெடுக்கென்று கவ்வியது.

இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழெட்டுப் பற்களின் விளிம்பில் மயில்கழுத்து நீலம்! சாணைக் கல்லை விட்டு விட்டுத் தொடாமல் ஒரே அழுத்தாக அழுத்தியிருக்கிறார். எஃகு நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால், அதைக் கெட்டியாக்கியிருந்த தோய்ச்சல் போய்விடும். பிறகு கூர் நிற்காது. இன்னும் அதிகமாகச் சூடாகிச் சட்டென்று ஆறிய இடமோ கண்ணாடி போல இறுகி உடையத் தயாராகிவிடும். அப்படி இரண்டு பற்களில் என் அரம் பிடிக்காமல் வழுக்கியது.

பல்லுக்கு முன்னால் சிறு திமில் போல ஒன்று நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதற்கு அதுதான் வரம்பு. பல சங்கிலிகளில் அது பல்லின் முனையைவிட 0.65 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்திருக்கும். இவர் அதை ஒன்றரை மில்லிமீட்டருக்குத் தேய்த்து வைத்திருந்தார். கவ்வலுக்குக் காரணம் அதுதான். இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்தும் இதனால் கூடும். பற்களின் நீளமும் ஆளுக்கொரு அளவு. வெட்டு கோணாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கை நடுங்கியது அடுத்ததைப் பார்த்தபோதுதான். பல்லின் அடிக்குழியைத் தாண்டிக் கல் கீழே இறங்கி, கண்ணிகளை இணைக்கும் பக்கத் தகட்டில் பிறை போல ஒரு வெட்டு விழுந்திருந்தது. நகத்தால் தடவினால் மாட்டுகிறது. சங்கிலியின் இழுப்பைத் தாங்குவதே அந்தத் தகடுதான். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் ஓடும். அந்த வேகத்தில் அறுந்தால் துண்டுகள் தோட்டா போலத் தெறிக்கும்.

கொண்டுபோய்க் காட்டினேன். “காய்ந்த கட்டையை அறுத்தால் இப்படித்தான் ஆகும்” என்றார். நீலத்தைக் காட்டினேன். “சாணை பிடித்தால் நிறம் மாறத்தான் செய்யும்” என்றார், முகத்தில் சலனமே இல்லாமல். காசைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை.

யாரிடமாவது கொடுப்பதானால், அவர் கல்லைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறாரா என்று அருகில் நின்று பாருங்கள். மாட்டும் முன் நிறத்தையும் பக்கத் தகடுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் பழைய வழிக்கே திரும்பிவிட்டேன்: சங்கிலிக்கு ஏற்ற உருண்டை அரம், இருப்பதிலேயே குட்டையான பல்லை அளவாக வைத்து மற்றவற்றை அதற்குக் கொண்டுவருவது, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுவது. அரை மணி நேரம் பிடிக்கிறது, பிடிக்கட்டும்.

அந்தச் சங்கிலியின் ரிவெட்டைத் தட்டி இரண்டு துண்டாக்கிப் பழைய இரும்போடு போட்டேன். முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.