கடில்காட் குளிர் மெத்தை: வாங்கினால் மட்டும் போதாது

பிரிட்டனில் பிரசவ வார்டுகளும் என்ஐசியூ எனப்படும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் இறந்த குழந்தையைப் பெற்றோரின் அறையிலேயே வைத்திருக்கப் பயன்படுத்தும் சாதனம் கடில்காட். தயாரிப்பது ஃப்ளெக்ஸ்மார்ட் என்ற பிரிட்டன் நிறுவனம். நம்மூர்ச் சாவு வீடுகளுக்கு வாடகைக்கு வரும் ஐஸ் பெட்டியின் வேலைதான் இதற்கும். ஆனால் நடுவில் கண்ணாடி கிடையாது. அம்மா குழந்தையைத் தூக்கலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம், மறுபடி படுக்க வைக்கலாம். சாதனத்தில் பெரிய குறை இல்லை. குறையெல்லாம் அதை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, ராத்திரி ஷிப்ட் நர்ஸுக்குச் சாவி எங்கே என்றுகூடச் சொல்லாத வார்டுகளில்தான்.

பெட்டிக்குள் முக்கியமாக மூன்று பொருள்கள்: தண்ணீரைக் குளிர்வித்துச் சுழலவிடும் சிறு இயந்திரம், காப்புறை போட்ட குழாய், உள்ளே தண்ணீர் ஓடும் மெல்லிய மெத்தை. மெத்தையைக் கூடைத் தொட்டிலில் விரித்து, மேலே ஒற்றைத் துணி போட்டு, அதன்மேல் குழந்தையைக் கிடத்துவார்கள். ஊற்ற வேண்டியது தாது நீக்கிய நீர். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் நாளடைவில் உப்புப் படியும், பாசி பிடிக்கும், ஓட்டம் குறையும். குழாய் முனைகள் 'டிக்' என்று பொருந்தாவிட்டால் தொட்டில் நனைந்துவிடும். மெத்தையில் தண்ணீர் நிரம்பியதா, காற்று அடைத்திருக்கிறதா, தொட்டால் எல்லாப் பக்கமும் சில்லென்று இருக்கிறதா என்பதையெல்லாம் வேறு அறையில் பார்த்து முடித்த பிறகே பெற்றோரின் அறைக்குக் கொண்டுவர வேண்டும். அவர்கள் முன்னால் குழாயை மாட்டிக் கழற்றிச் சோதிப்பது கொடுமை.

மெத்தை சீக்கிரம் குளிர்ந்துவிடும், உடல் அப்படியல்ல. 1 கிலோவுக்குக் குறைந்த குழந்தை வேகமாகக் குளிரும், 3 கிலோ குழந்தைக்குப் பல மணி நேரம் ஆகலாம். அதற்காக மூச்சு நின்றதும் கையிலிருந்து வாங்கிப் படுக்க வைக்க அவசரப்பட வேண்டாம். அம்மாவின் நெஞ்சில் கழியும் முதல் சில மணி நேரத்தால் பெரிய மாற்றம் வராது. ஹீட்டர் போட்ட அறையில் விடிய விடிய வைத்திருந்து, காலையில் மெத்தையைத் தேடுவதுதான் தவறு. மூக்கிலிருந்து நீர் கசியும், உதடு உலர்ந்து கறுக்கும், குறைமாதக் குழந்தையின் தோல் தொட்டாலே உரியும். குளிர் இவற்றைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவலாம். மூக்கடியில் பஞ்சும் தலைக்கடியில் சிறு துண்டும் வைத்தால் கசிவு துணியில் பரவாது.

அடிக்கடி நடக்கும் தவறு, பாசத்தில் நடப்பது: குழந்தைக்குக் குளிருமே என்று கம்பளியைச் சுற்றி மெத்தையில் படுக்க வைப்பார்கள். அடியில் கம்பளி இருந்தால் குளிர் உடம்புக்கு எட்டாது. அடியில் மெல்லிய துணியும் மேலே பாட்டி பின்னிய போர்வையும் என்று மாற்றிப் போட்டால் போதும், போர்வை குளிரை உள்ளேயே நிறுத்தும். மெத்தை மேல் ஈரம் பூக்கும் என்பதால் அடித்துணியை அவ்வப்போது மாற்ற வேண்டும். இயந்திரம் வெப்பத்தை வெளியே தள்ளுவது, திரைச்சீலையோ படுக்கை விரிப்போ அதன் துவாரத்தை மூடினால் குளிர்ச்சி போய்விடும். சத்தம் குறைவுதான், ஆனாலும் ராத்திரியில் கேட்கும். ஃபோன் சார்ஜருக்காக யாராவது பிளக்கைப் பிடுங்காமலிருக்க ஒரு சீட்டு ஒட்டி வைக்கலாம்.

பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்கு இந்தச் சாதனத்தின் பலன் வென்டிலேட்டரை எடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அடுத்த சில நாள் பெற்றோர் பார்க்கப்போவது அந்த முகத்தைத்தான். மூச்சுக்கான குழாயை ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியை அப்படியே இழுத்தால் குறைமாதத் தோல் கூடவே வந்துவிடும். சிலிக்கான் கலந்த ஒட்டுநீக்கியை நனைய விட்டு, மெல்ல உரிக்க வேண்டும். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அதை முன்கூட்டியே நிறுத்தி, அதன் பலன் தீர்ந்த பிறகே குழாயை எடுக்க வேண்டும், இல்லையேல் குழந்தை அவதிப்படுகிறதா என்பது வெளியே தெரியாது. வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மார்ஃபின் தயாராக இருக்க வேண்டும். குழாய் எடுத்ததும் மூச்சு நின்றுவிடும் என்று யாருக்கும் உறுதி சொல்லக் கூடாது. நிமிடங்களும் ஆகலாம், மணிக்கணக்கும் ஆகலாம். கை, கால் தடத்தை விரல்கள் விறைப்பதற்கு முன் எடுத்துவிடுவது நல்லது. இங்கிலாந்தில் கொரோனர் (காரணம் தெளிவில்லாத மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைக்குப் போகும் மரணம் என்றால் குழாய்களை எடுக்காமல் அப்படியே விடச் சொல்வார்கள், அதையும் பெற்றோரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

அங்கே அடக்கத்துக்கு முன் குழந்தையைப் பல நாள் வைத்திருக்க வேண்டி வருவதற்குக் காரணம் உண்டு. குழந்தை ஒரு நிமிடம் உயிரோடு இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனரிடம் போகாத மரணங்களை மருத்துவப் பரிசோதகர் (மரணக் காரணத்தைச் சரிபார்க்கும் மருத்துவர்) பார்த்த பிறகே பதிவு. அடக்கத்துக்கு நாள் கிடைக்கவும் தாமதமாகும். லண்டனில் உள்ள ஈழத் தமிழ்க் குடும்பங்கள் குழந்தையை எரிக்காமல் புதைக்கும் வழக்கப்படி சீக்கிரம் முடிக்க நினைத்தாலும் அந்தத் தாமதம் அவர்களையும் விடுவதில்லை. அடக்கச் செலவுக்கு இங்கிலாந்தில் 2019 முதல் அரசின் குழந்தைகள் இறுதிச்சடங்கு நிதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

குழந்தை மெத்தையில் இருக்கும் அதே நாட்களில்தான் அம்மாவுக்குப் பால் கட்டும். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பால் வற்ற 1 மில்லிகிராம் கேபர்கோலின் மாத்திரையை முதல் நாளிலேயே ஒரே வேளையாகக் கொடுப்பார்கள். ரத்தக் கொதிப்பு, ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்போடு வரும் சிக்கல்) இருந்த அம்மாவுக்கு அது ஆகாது. மாத்திரை வேண்டாதவருக்கு இறுக்கமில்லாத தாங்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், வலி பொறுக்காவிட்டால் கொஞ்சமாகப் பீய்ச்சுதல் போதும்.

தமிழ்நாட்டுக்கு இது தேவையா? 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இங்கே 1,000 உயிர்ப் பிறப்புக்கு 13 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன, அவற்றில் ஒன்பது குழந்தைகள் இறந்தது பிறந்து 28 நாளுக்குள்.  பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடும் ஊரில் நாள் கணக்கில் குளிர வைக்கும் இயந்திரம் பெரும்பாலோருக்கு வேண்டியிருக்காது, ஒவ்வொரு மருத்துவமனையும் வாங்கவும் வேண்டாம். ஒரு நிலைமைக்கு மட்டும் கட்டாயம் வழி வேண்டும்: சிசேரியன் ஆன அம்மா தாலுகா மருத்துவமனையில், குழந்தை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். அம்மா ஒரு முறைகூடப் பார்க்காமல் குழந்தை மண்ணுக்குப் போவது இப்படித்தான். அங்கே தேவைப்படுவது சில மணி நேரம். அதற்கு ஜெல் ஐஸ் பொதிகளைத் துணியில் சுற்றி முதுகுக்கும் தலைக்கும் அடியில் வைத்து, இளகியதும் மாற்றினாலே போதும். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது, உறைந்த இடம் வெளுத்துத் தழும்பாகத் தெரியும், உடற்கூறு ஆய்வுக்கும் திசு கெடும். உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ்) அறவே வேண்டாம்.

பெரிய பிரசவப் பிரிவு உள்ள மருத்துவமனை வாங்குவதாக இருந்தால், கூடவே மாற்று மெத்தை ஒன்றும் தாது நீக்கிய நீரும் சேர்த்து வாங்குங்கள். மாதம் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு தண்ணீரை வடித்து, மெத்தையை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். சாவி, மேற்பார்வையாளர் அறையில் இருக்காமல், ராத்திரியிலும் ஆள் இருக்கும் நர்ஸ் மேசையில் இருக்கட்டும்.