பன்றி வேலின்னு 78,000 ரூபாய் போச்சு. சோலார் வேலி போடப் போறவங்க படிச்சிட்டுப் போடுங்க

ராத்திரி பத்தரை மணி. காட்டுக் கொட்டகையில உட்கார்ந்து இதை எழுதுறேன். கையில டார்ச், பக்கத்துல தட்டுறதுக்கு ஒரு தகர டப்பா, காலடியில நாய். 78,000 ரூபாய் செலவு பண்ணி வேலி போட்டவன் காவலுக்கு வந்து உட்கார்ந்திருக்கேன். கோபத்துல முன்னபின்ன எழுதியிருந்தா பொறுத்துக்கோங்க. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

மூணு ஏக்கர் கடலை. காய் பிடிக்க ஆரம்பிச்சா பன்னிக்கு எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ. போன வருஷம் ஒரே ராத்திரியில அரை ஏக்கரை உழுது வச்ச மாதிரி புரட்டிட்டுப் போச்சு. கலர் சேலை கட்டியாச்சு, சலூன்ல முடி வாங்கிட்டு வந்து வரப்பு பூரா தூவியாச்சு, வெடியும் போட்டாச்சு. எதுவா இருந்தாலும் ஒரு வாரம் பயப்படும், அப்புறம் பழகிடும். அந்த நேரத்துலதான் போன்ல அந்த விளம்பரம் வந்துச்சு. ஆன்லைன்ல வீடியோ போட்டு, போன் பண்ணினா ஆள் அனுப்பி வேலி மாட்டித் தர்ற கடை. பேர் போடல, போட்டா நாளைக்கு எனக்குத்தான் நோட்டீஸ் வரும்.

ஒரு தம்பி பைக்ல வந்தான். வந்ததும் விலை பேசல. வரப்புல குத்துக்கால் வச்சு உட்கார்ந்து, பன்னி நோண்டின குழியில கையை விட்டு, மென்னு துப்பின கடலைத் தொலியை எடுத்துப் பார்த்தான். "எங்கப்பாவும் இந்தப் பன்னியாலதான்ணே வெள்ளாமையை விட்டாரு"ன்னான். நான் விழுந்தது அந்த இடத்துலதான். எங்க வீட்டுல மோர் கொண்டாந்து குடுத்தாங்கன்னா பார்த்துக்கோங்க.

அப்புறம் ரெண்டு குச்சி நட்டு, நடுவுல பத்து மீட்டர் கம்பி இழுத்து, கம்பிக்கு ஷாக் குடுக்கற சோலார் மெஷினை மாட்டினான். டெஸ்டரை வச்சா 8.2 காட்டுது. "எட்டாயிரம் வோல்ட்ணே, யானையே திரும்பிப் போயிரும்." நான் ஒரு பச்சைப் புல்லைக் கிள்ளிக் கம்பியில வச்சுப் பார்த்தேன், தோள்பட்டை வரைக்கும் சுண்டி இழுத்துச்சு. அங்கேயே 50,000 ஜிபே பண்ணினேன். மாட்டி முடிச்ச அன்னைக்கு மீதி 28,000. பில் கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல ஒரு கொட்டேஷன் வந்துச்சு, அவ்வளவுதான். "பாரஸ்ட்ல சொல்லணுமாப்பா?"ன்னும் கேட்டேன். "பேட்டரி 12 வோல்ட்தானேண்ணே, சோலாருக்கு எவன் கேக்கப் போறான்"னான். தமிழ்நாட்டுல 2023லயே மின்வேலிக்குத் தனியா விதி வந்துருச்சு, புதுசா போடறதுக்கு வனத்துறை அனுமதி வேணும், ஏற்கெனவே இருக்கிறதைப் பதிவு பண்ணணும்னு எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. கேட்டுட்டுப் போட்டிருக்கணும். என் தப்பு.

நாலாம் நாள் காலையில போய்ப் பார்த்தா கிழக்கு மூலையில அடிக்கம்பிக்குக் கீழ ராஜபாட்டை போட்டிருக்கு. அஞ்சு வரி கம்பியும் அப்படியே விறைப்பா நிக்குது, உள்ள ரெண்டு பாத்தியைக் காணோம்.

போன் பண்ணினேன். "மண்ணு காய்ஞ்சிருக்கும்ணே, எர்த்துக்குத் தண்ணி ஊத்துங்க." ஊத்தினேன். அடுத்த வாரம், "புல்லு மோதுதுண்ணே, வெட்டி விடுங்க." ஆள் விட்டு வெட்டினேன். அப்புறம் ஒரு பொண்ணு எடுத்து, "டெக்னீஷியன் லைன்ல இருக்கார் சார்". எந்த லைன்ல இருந்தாரோ, இன்னைக்கு வரைக்கும் என் காட்டுக்கு வரல. ஒருநாள் அந்தத் தம்பியே எடுத்து, "உங்க ஊர்ப் பன்னி கொஞ்சம் முரட்டுப் பன்னிண்ணே"ன்னான். 78,000 ரூபாய் வாங்கினவன் பேசற பேச்சு!

பக்கத்துத் தோட்டத்து மாமா சொந்தமா டெஸ்டர் வச்சிருக்கார். வந்து பார்த்தார். மெஷின் வாயில 7.5. அப்படியே வேலி ஓரமா நடந்து கிழக்கு மூலையில வச்சார், 1.4. "கடைசிக் கம்பியில நாலாயிரமாவது நிக்கணும் மாப்ளே, இது பன்னிக்குச் சொறிஞ்சு விட்ட மாதிரி"ன்னார். பத்து மீட்டர் கம்பியில எந்த டப்பா மெஷினும் எட்டாயிரம் காட்டும். என் காட்டைச் சுத்தி 450 மீட்டர், அஞ்சு வரின்னா ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கம்பி. அதுல பனி, புல்லு, வெடிச்ச இன்சுலேட்டர்னு ஒவ்வொரு இடத்துலயும் கசியும். அதைத் தாங்கி அடிக்க மெஷினுக்கு ஜூல் வேணும், அதாவது ஒவ்வொரு அடியிலயும் இறங்குற சக்தி. என் மெஷின்ல ஜூல் எத்தனைன்னு எங்கயுமே எழுதல.

எர்த் ராடை மாமா ஒரு கையால பிடுங்கிட்டார். ஒரே ராடு, ரெண்டடி! ஷாக்கு பன்னி உடம்பு வழியா மண்ணுக்கு இறங்கி, ராடு வழியா மெஷினுக்குத் திரும்பினாத்தான் அதுக்கு உறைக்கும். ஆறடி ராடு மூணு, பத்தடிக்கு ஒண்ணா அடிச்சிருக்கணுமாம். அடிக்கம்பியும் ஒன்றரை அடி உயரத்துல இருக்கு. பன்னி தலையைத் தாழ்த்தி வர்ற ஜாதி, மூக்குலதான் முதல்ல படணும். அதுக்கு முக்கால் அடிக்குள்ள ஒரு கம்பி ஓடணும். முதுகு மயிர்ல பட்டா என்ன தெரியும்? தலை உள்ள போனப்புறம் ஷாக் அடிச்சா, பின்னால வராது, முன்னாலதான் பாயும்.

இதையெல்லாம் வச்சுக்கிட்டுக் கடைசியா ஒரு தடவை கூப்பிட்டேன். அவன் சொன்னதைக் கேளுங்க: "அவ்வளவு கஷ்டமா இருந்தா ராத்திரி மட்டும் மோட்டார் லைன்ல இருந்து நேரா ஒரு கொக்கி குடுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாதா? சோலார் மெஷின் நொடிக்கு ஒரு தடவை கண்ணிமைக்கிற நேரம்தான் அடிக்கும், தொட்டவன் கையை எடுத்துக்கலாம். ஈபி லைன் விடாது, பிடிச்சுக்கும். 2023 மார்ச்சுல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல பன்னிக்குன்னு அப்படிக் குடுத்த கம்பியில மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டி அங்கேயே சுத்திச் சுத்தி நின்னுச்சு. என் காட்டுல ராத்திரி தண்ணி கட்ட வர்றது என் அண்ணன் பையன். வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். கட் பண்ணினான். இப்ப நம்பர் பிளாக்.

1915ல நுகர்வோர் புகார் பதிஞ்சிருக்கேன். பில் கேட்கிறாங்க. எங்கிட்ட இருக்கிறது ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் அந்தக் கொட்டேஷனும்தான். 78,000 திரும்புமான்னு தெரியல.

விவரமா சொல்றேன்னேன், அதுக்கு இப்பப் பொறுமை இல்ல. முழுப் பணத்தைக் குடுக்காதீங்க, பாதியாவது நிறுத்தி வைங்க. விடிகாலைப் பனியில, கடைசி மூலையில டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு மீதியைக் குடுங்க. பில் இல்லாம நயா பைசா நகரக் கூடாது. போடறதுக்கு முன்னாடி வனத்துறையில கேளுங்க, வேளாண் பொறியியல் துறையில மானியம் இருக்கான்னும் விசாரிங்க. நேர் கரண்ட் மட்டும் எவன் சொன்னாலும்

நாய் குரைக்குது. கிழக்கு மூலைதான். போயிட்டு வரேன்.