ஓட்டக் கற்பது வேறு, கார் வாங்குவது வேறு: சென்னை இளைஞர் முன் உள்ள மூன்று வழிகள்

2019 செப்டம்பரில் சென்னையில் செய்தியாளர்களிடம் பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், வாகன விற்பனை சரிந்ததற்கான காரணங்களைச் சொல்லும்போது, இளைய தலைமுறையினர் மாதத் தவணை கட்டிக் கார் வாங்குவதைவிட ஓலா, ஊபர், மெட்ரோ ஆகியவற்றில் போவதையே விரும்புகிறார்கள் என்றும் குறிப்பிட்டார். அந்தக் கூற்று அப்போது பெரும் கேலிக்கு உள்ளானது. விற்பனைச் சரிவுக்கு அது போதுமான விளக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கார் ஓட்டக் கற்கும் எண்ணமே இல்லாத இருபத்தைந்து வயதினர் இன்று சென்னையில் பல வீடுகளில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களில் பலர் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் என்பதால் இங்கே பேச்சு காரைப் பற்றியது மட்டுமே. அவர்கள் முன் இருப்பவை மூன்று வழிகள்: ஓட்டக் கற்றுச் சொந்தமாகக் கார் வாங்குவது, உரிமம் மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது, இரண்டுமே வேண்டாம் என்று பேருந்து, ரயில், செயலி ஆட்டோ ஆகியவற்றோடு நின்றுவிடுவது.

முதல் வழியின் கணக்கு எளிது. ஏழு லட்ச ரூபாய்க் காருக்கு ஆறு லட்சம் கடன் வாங்கி, 9 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 12,450 ரூபாய். பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ் எல்லாம் இதற்கு மேல். வாடகை வீட்டில் இருக்கும் இளைஞருக்குப் பணத்தைவிடப் பெரிய சிக்கல் வண்டியை எங்கே நிறுத்துவது என்பது. பழைய அடுக்ககங்களில் கார் நிறுத்தும் இடம் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களுக்கே போய்விடும், தெருவில் விட்டால் பக்கத்து வீட்டாரோடு நித்திய வழக்கு. மழைக்காலமோ தனிக்கதை. 2015, 2023 வெள்ளங்களில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து பட்ட பாட்டை நினைத்தே, 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி ஓரமாக வரிசை கட்டி நிறுத்தினார்கள். வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ உள்ள வீட்டுக்கு இத்தனையும் தாங்கிக்கொள்ளத் தக்கவை. தனி ஆளாக அலுவலகம் போய்வருவதற்கு மட்டும் என்றால் நான் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்; தவணைப் பணத்தை மட்டும் வைத்தே மாதம் அறுபது முறைக்கு மேல் 200 ரூபாய்ச் சவாரி போய்விடலாம்.

மூன்றாவது வழி, பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. 2015 ஜூனில் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கிய மெட்ரோவின் முதற்கட்டம், விம்கோ நகர் வரையிலான நீட்டிப்போடு 54 கிலோமீட்டராக வளர்ந்தது. குளிர்சாதனமில்லாத மாநகரப் பேருந்துகளில் மாதம் 1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. இந்தத் தடங்களை ஒட்டி வீடும் வேலையும் அமைந்தவருக்குக் கார் ஓட்டத் தெரியாதது ஒரு குறையாகவே படாது.

தடத்தை விட்டு விலகினால்தான் சங்கடம். பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி வரை வேலைக்குப் போகிறவர்களுக்கு, இரண்டாம் கட்ட மெட்ரோ முழுதாக வந்து சேரும்வரை நிறுவனப் பேருந்து அல்லது நெரிசல் என்ற இரண்டே தெரிவுகள். இரவு 11 மணியோடு மெட்ரோ அடங்கிவிடும். அதற்குப்பின் செயலிதான் கதி. செயலியில் பதிவு செய்த மறுகணமே ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்து, “எங்க போகணும், கேஷா ஆன்லைனா?” என்று கேட்பதும், பதில் பிடிக்காவிட்டால் அவர் வராமலே இருப்பதும், நாமாகவே ரத்து செய்யும்வரை திரையில் அந்த ஆட்டோ ஒரே இடத்தில் நிற்பதும் இந்நகரத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதவை. அதில் ஓட்டுநரை மட்டும் குறைசொல்வதும் நியாயமில்லை. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013இல் அரசு அறிவித்த மீட்டர் கட்டணத்தில் இன்றைய எரிபொருள் விலைக்கு வண்டி ஓட்ட முடியாது.

இரண்டாவது வழியை, அதாவது உரிமம் மட்டும் எடுப்பதை, பலர் அரைகுறை வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதுவே மூன்றிலும் கவனிக்கத்தக்கதாகத் தெரிகிறது. பதினெட்டு வயது நிறைந்தவுடன் எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் எடுக்கலாம்; அது ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். முப்பது வயதுக்குள் உரிமம் பெறுபவருக்கு, 2019 சட்டத் திருத்தத்தின்படி, அது நாற்பது வயது வரை செல்லுபடியாகும். இருபது வயதில் சில வாரங்கள் செலவிட்டால் இருபது ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கும் அலைச்சல் இல்லை. படிப்புக்காகப் பிரிட்டன் போகிறவர் இந்திய உரிமத்தோடு அங்கே பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம் என்பது உபரி லாபம்.

இந்த வழிக்கு எதிரான வாதமும் வலுவானதே: ஓட்டாத கை மறந்துவிடும். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்றுநரின் காலடியிலும் கிளட்ச்சும் பிரேக்கும் இருக்கும். நாம் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பாதி வேலையை அவர் கால் செய்துகொண்டிருக்கும். மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நின்று, பின்னால் ஒரு பேருந்து ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்க, வண்டி உருளாமல் கிளட்ச்சைப் பாதி அழுத்திப் பிடித்து நகர்த்தும்போதுதான் கற்றது எவ்வளவு என்று தெரியும். ஆகவே வீட்டில் ஏற்கெனவே கார் உள்ளவருக்கே இந்த வழி முழுமையாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் அப்பா வாங்கிய கார் வாரக் கணக்கில் உறை மூடி நிற்க, ஊருக்குப் போகும்போதெல்லாம் நாள் கூலிக்கு வந்து ஓட்டும் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. அதே ஆக்டிங் டிரைவரை நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பக்கத்தில் உட்காரவைத்து நாமே ஓட்டினால், டிரைவிங் ஸ்கூலில் விட்டுப்போனதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். வீட்டில் கார் இல்லாதவர் மூன்றாவது வழியிலேயே நிற்பதில் தவறேதுமில்லை. பழகாத உரிமம் அவருக்கு இன்னொரு அடையாள அட்டைதான்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அண்ணனுக்குப் பதினெட்டு ஆனதும் சாவியைக் கொடுக்கும் வீடு, தங்கைக்கு “உனக்கெதுக்கும்மா, அண்ணன் கொண்டுபோய் விடுவான்” என்று சொல்லும்போது, பிற்காலத்தில் அவள் “எனக்கு ஓட்டுவதில் ஆர்வமில்லை” என்று சொல்வதை விருப்பத் தேர்வு என்று எண்ணிவிட முடியாது. நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, 108க்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், வாசலில் நிற்கும் காரை எடுக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும், அவரும் வெளியூரில் என்றால், அந்தக் குடும்பம் போட்ட கணக்கு தவறு.

கற்பதென்று முடிவெடுத்தவருக்கு எஞ்சுவது கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா என்ற கேள்வி. உரிமத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வகுப்புதான். ஆட்டோமேட்டிக்கில் கற்பது விரைவானது, நெரிசலுக்கு ஏற்றது. ஆனால் சொந்த வண்டி இல்லாதவர் கையில் அவசரத்துக்குக் கிடைப்பது சித்தப்பாவின் பழைய காராகவோ நண்பரின் காராகவோதான் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை கியர் வண்டிகள் என்பதால் கியரிலேயே கற்பது நல்லது.