46,500 ரூபா போச்சு: அலுமினியத்தில் ஆழமாக வெட்ட எண்ட் மில் வாங்குபவர்கள் கவனம்

கொழும்பில் சின்ன மில்லிங் மெஷின் வைத்து அலுமினியம் வெட்டுகிறவர்கள் காசு கட்ட முதல் இதை வாசியுங்கள். முகநூலில் கருவி விற்கும் ஒரு கடைக்கு 6 எண்ட் மில்லுக்காக (மெஷினில் பூட்டிச் சுற்றவிட்டு உலோகம் வெட்டும் கட்டர்) 46,500 ரூபா கட்டினேன். ஒன்றுகூட நான் கேட்ட சாமான் இல்லை. இரும்பைவிட விறைப்பான காபைட் கேட்டேன், வந்தது காபைட்டே இல்லை.

வேலை இதுதான்: 6061 ரக அலுமினியக் கட்டியில் 35 மி.மீ. ஆழக் குழி. மெஷின் மேசையில் வைக்கிற சின்னது, ஆகக்கூடிய வேகம் நிமிடத்துக்கு 2,500 சுற்று. நான் கேட்டது 6 மி.மீ. சொலிட் காபைட், 3 புளூட் (சீவல் வெளியேறும் பள்ளம்), 45 பாகை ஹீலிக்ஸ் (அந்தப் பள்ளம் சுற்றி ஏறும் சரிவு), கோட்டிங் இல்லாமல் பொலிஷ் பண்ணியது. வெட்டும் வாய் 12 மி.மீ. நீளம் மட்டும், அதற்கு மேலே 5.8 மி.மீ. தடிப்பில் கழுத்து. எல்லாவற்றையும் எழுத்தில்தான் அனுப்பினேன்.

அந்தக் கழுத்துத்தான் இதில் முக்கியம். குழி ஆழம் என்பதற்காக 35 மி.மீ. நீளத்துக்கும் புளூட் உள்ள கட்டரை வாங்கக் கூடாது. புளூட் வெட்டிய இடத்தில் உலோகம் குறைவு, 6 மி.மீ. கட்டர் அங்கே கிட்டத்தட்ட 4.8 மி.மீ. கம்பி போலத்தான் வளையும். 5.8 மி.மீ. கழுத்து அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு. கொலட்டுக்கு (கட்டரைப் பிடிக்கும் கவ்வி) வெளியே நீட்டும் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. சின்ன மெஷினே ஆடும், கட்டரும் ஆடினால் சுவர் நேராக வராது.

கடைக்காரர் திருப்பிக் கேட்டார்: "கழுத்து 38 போதுமா அண்ணா, இல்ல 40 வேணுமா? உங்கட கொலட் எவ்வளவு பிடிக்கும்?" விஷயம் தெரிந்தவர்தான் இதைக் கேட்பார் என்று நம்பினேன். "நான்தான் பொறுப்பு, பயப்பட வேணாம்" என்றார். அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே 46,500 ரூபாவையும் வங்கிக்கணக்குக்குப் போட்டுவிட்டேன். ஒரு கட்டர் 7,750 ரூபா.

கூரியரில் வெள்ளவத்தைக்கு வந்தது 4 புளூட், 35 மி.மீ.க்கும் வாய், கழுத்து கிடையாது, கருநீலக் கோட்டிங். கட்டர் வந்த குழாய்க்கு மேலே மட்டும் "காபைட்" என்று ஸ்டிக்கர்.

4 புளூட்டில் சீவல் வெளியேற இடம் இல்லை. ஆழத்தில் சீவல் நிரம்பி, திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டு, சூடாகி வாயிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருநீலக் கோட்டிங் இரும்புக்கு ஆனது. அதற்குள்ளேயே அலுமினியம் இருக்கிறது, வெட்டுகிற அலுமினியமும் அதில் போய் அப்பிக்கொள்ளும். முதல் கட்டரில் சுவர் மேலிருந்து கீழே 0.3 மி.மீ. சரிந்தது. இரண்டாவது 18 மி.மீ. ஆழத்தில் முறிந்தது. முறிந்த துண்டின் புளூட் நான்கிலும் அலுமினியம் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல அடைத்துக் கிடந்தது, ஊசியால் கிளறியும் வரவில்லை.

பிறகுதான் சந்தேகம் வந்து, செட்டியார் தெருவில் நகைக்கடைத் தராசில் புதிய ஒன்றை வைத்துப் பார்த்தேன். 14.6 கிராம். 6 மி.மீ. தடிப்பு, 75 மி.மீ. நீளத்தில் உண்மையான காபைட் என்றால், புளூட் வெட்டிப் போனதைக் கழித்தாலும் 25 கிராமுக்குக் குறையாது. இது கோட்டிங் அடித்த எச்எஸ்எஸ், அதாவது ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற உருக்கு. விறைப்பு காபைட்டில் மூன்றில் ஒரு பங்குதான். ஷாங்க் (கொலட் பிடிக்கும் பகுதி) மைக்ரோமீட்டரில் 5.91 மி.மீ. நல்ல கட்டரில் 5.992க்குக் கீழே போகாது.

அறிவித்தேன். முதல் பதில்: "ஸ்பீட் கூடிப்போச்சு அண்ணா." 6 மி.மீ. கட்டர் 2,500 சுற்றில் நிமிடத்துக்கு 47 மீற்றர்தான் ஓடும். காபைட் அலுமினியத்தில் அதைப்போலப் பல மடங்கு தாங்கும், இதில் கூடிப்போக என்ன இருக்கிறது? அடுத்தது "மெஷின்ல பிழை". தராசுப் படம் அனுப்பினேன், "அடுத்த ஷிப்மென்ட்டில மாத்தித் தாறன்" என்றார். எப்போது என்று கேட்டதற்கு "முதலாளி வெளியூர்". இப்போது நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. 46,500 ரூபா. நாலு கட்டர் குழாயிலேயே கிடக்கிறது, அதையாவது எடுத்துக்கொண்டு பாதிக் காசு தரச் சொன்னேன். அதற்கும் பதில் இல்லை.

எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது பாருங்கள்:

வாங்கும்போதே நிறுத்துப் பாருங்கள். நேரில் போக முடியாவிட்டால், தராசில் வைத்த படத்தைக் கேளுங்கள், தராவிட்டால் விடுங்கள்.

மெஷின் சின்னதென்றால் 2 அல்லது 3 புளூட். 4 வேண்டாம்.

முதல் 15 மி.மீ.ஐக் கட்டைக் கட்டரால் எடுங்கள், கழுத்து நீண்டதை அதற்குக் கீழே மட்டும் இறக்குங்கள். சுவரில் 0.2 மி.மீ. விட்டு, கடைசியில் ஒருமுறை சீவுங்கள். கட்டரை இறக்க முதல் துளை போடுங்கள். சீவலைக் காற்றடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருங்கள், மண்ணெண்ணெயோ டபிள்யூடி 40-ஓ பிரஷால் தொட்டுத் தொட்டு.

கொஞ்சம் காசு கட்டி ஒரு கட்டர் மட்டும் எடுங்கள். நான் ஆறையும் ஒரே தடவையில் எடுத்தேன்.

பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், தராசுப் படம் மூன்றும் கைவசம் இருக்கிறது. நாளை காலை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு எடுக்கிறேன். இதே கருநீலக் கட்டர், இதே ஸ்டிக்கர் யாருக்காவது வந்திருந்தால், நிறையை நிறுத்து இங்கே கீழே போடுங்கள்.